நாற்பத்தொன்றுக்குக் கடைசி அழைப்பு

2019 மே 11, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐந்து. அந்த நேரத்தில் ஹாடிக்ஸ் மாவட்டத்தின் தீயணைப்பு அலைவரிசையில் நாற்பத்தொன்று என்ற எண்ணை மூன்று முறை கூப்பிடுவது என்று முடிவாகியிருந்தது. பதில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு உரியவர் டென்வர் ஸ்டெம்பிள், வயது நாற்பத்தாறு, டங்கர் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவர். ஒன்பது நாளுக்கு முன், தண்ணீர்க் குழாய் பிடிக்கும் பயிற்சியின் நடுவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைகளில் தீயணைப்புக்காரர் ஒருவரை அடக்கம் செய்வது இப்படித்தான். குழிக்குப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி ஒன்றை நிறுத்தி அதன் ஒலிபெருக்கியைத் திறந்துவிடுவார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் எண்ணைக் கூப்பிடுவார்கள். மாவட்டம் முழுக்க ஒருவரும் ரேடியோ பொத்தானைத் தொடமாட்டார்கள். பத்து விநாடி. மறுபடி கூப்பிடுவார்கள். மூன்றாவது முறைக்கும் பதில் இல்லாதபோது, அவர் பணி முடிந்தது என்று நேரத்தையும் சொல்லி அறிவிப்பார்கள். பாதிரியார் சொல்கிற எதற்கும் அழாதவர்கள் அந்தப் பத்து விநாடியில் அழுவார்கள்.

டென்வரின் அப்பா ஓர்வல் ஸ்டெம்பிளுக்கு எழுபத்தைந்து வயது. கல்லறைக்கு அவர் வரக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அவர் குடியிருந்த பக்ஐ ஓடைப் பள்ளத்தாக்கு பக்கத்து மாவட்டத்தில் முப்பத்தெட்டு மைல் தள்ளி இருந்தது. நடுவே மூன்று மலைமுகடுகள். அந்த அழைப்பை அவர் ரேடியோவில்தான் கேட்க வேண்டும்.

ஓர்வல் முப்பத்தொரு வருடம் தொலைபேசிக் கம்பெனியில் கம்பம் ஏறிப் பிழைத்தவர். வேலையில் இருந்த காலத்திலேயே ஸ்கேனர் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்கேனர் என்பது பேச முடியாத, கேட்க மட்டும் முடிகிற ரேடியோ. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், ஷெரீஃப் என்று எந்த அலைவரிசையில் பேச்சு எழுந்தாலும் அது தானாகவே அங்கே போய் நிற்கும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் ஒன்று முனகிக்கொண்டிருக்கும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. ஒரே ஒரு மரியாதை உண்டு: காதில் விழுந்ததை வெளியே கொண்டுபோகக் கூடாது.

அந்த மரியாதையை ஓர்வல் மீறிக்கொண்டே இருந்தார், எனக்காக. நான் அப்போது மாவட்டத்து நாளிதழில் செய்தியாளர். வெள்ளம், கொட்டகைத் தீ, சுரங்க விபத்து எதுவானாலும் ஷெரீஃபுக்கு முன்னால் எனக்கு ஓர்வலிடமிருந்து போன் வந்துவிடும். "நோரீன், பென்சில் எடு" என்று ஆரம்பிப்பார்.

2008 அக்டோபரில் ஒரு நாள் காலை பத்தேகாலுக்கு அப்படித்தான் போன் வந்தது. பொல்லாக் வளைவில் பிக்கப் வண்டி ஒன்று மரத்தில் மோதியிருக்கிறது. சிவப்பு வண்டி, பின்னால் வேட்டை நாய்ப் பெட்டி. பிண ஆய்வாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு நிமிடத்தில் அதைப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். பெயர் போடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வண்டியைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான். அது டென்வரின் மனைவி லியானாவுடைய தம்பி ட்ராயின் வண்டி. லியானா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அலுவலகக் கணினியில் யாரோ படித்துவிட்டு, "சிவப்பு வண்டி, நாய்ப் பெட்டி, யாரா இருக்கும்?" என்று அவளிடமே கேட்டார்கள். வண்டியை அறுத்து ட்ராயின் உடலை வெளியே எடுத்ததே டென்வர்தான். கையைக் கழுவிக்கொண்டு, மனைவியிடம் தானே சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே தரையில் கிடந்தாள்.

ஓர்வலுக்கு அது யார் வண்டி என்று தெரியும். தெரிந்தும் போனை எடுத்தார். ஏன் என்று நான் பின்னால் கேட்டபோது, "கை தானா போயிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னையோ வேறு யாரையோ அந்த மாதிரி விஷயத்துக்குக் கூப்பிட்டதில்லை.

அவர் வீடு டென்வரின் நிலத்தில் இருந்தது. ஓர்வலின் மனைவி இருந்தவரை அப்படியே ஓடியது. 2011-ல் அவள் இறந்ததும் ஓர்வல் பக்ஐ ஓடைக்கு வீடு மாறினார். சாமான் ஏற்ற டென்வரே வந்தார். ஒரு மணி நேரத்தில் பேசிய பேச்சு ஒரே ஒரு வரிதான், ஸ்கேனர் பெட்டியைக் கையில் கொடுத்தபோது: "அப்பா, இனிமே எங்களைக் கேக்காதீங்க."

ஓர்வல் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எட்டு வருடம் தொடவில்லை.

டென்வர் இறந்த மூன்றாம் நாள் லியானா வீட்டுக்குப் போனேன். ட்ராய் விஷயத்துக்கு நான் அவள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டவள். அவள் என்னை உள்ளே விடுவாள். மேசை, அடுப்பு, ஜன்னல் விளிம்பு என்று எங்கும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த மக்ரோனியும் ஹாமும் பீன்ஸும் மூடி போட்டு அடுக்கியிருந்தன.

"உன் தட்டையும் அங்க வை, நோரீன். எடமில்ல, இருந்தாலும் வை" என்றாள்.

"லியானா, ஓர்வல் வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"வேணாம்."

"இறங்கவே மாட்டாரு. கல்லறை கேட்டுக்கு வெளியில, என் கார்லயே…"

"உனக்கு அது யார் வண்டின்னு தெரியாது. அவருக்குத் தெரியும்." ஒரு மூடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "ரேடியோவுல கேட்டுக்கட்டும். அதுதானே அவருக்குத் தெரிஞ்ச வேலை."

இதை ஓர்வலிடம் எப்படிச் சொல்வது என்று முப்பத்தெட்டு மைலும் யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோன்னா சொன்னா? அந்த வார்த்தையா?"

"ஆமா. கோவத்துல சொன்னது, ஓர்வல்."

"கோவத்துல சொன்னாலும் சொன்னதுதான். டென்வர் கேக்காதீங்கன்னான். இவ கேட்டுக்கட்டும்னுட்டா." எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

நான் கல்லறையிலிருந்து போன் போட்டு, ஒலிபெருக்கி பக்கம் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். போனில் கேட்டால் அது தானே அங்கு வந்து நிற்பது மாதிரி, அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பதிவு செய்து கொண்டுவரட்டுமா என்றேன். "அது முடிஞ்சுபோனத கேக்கறது. அவங்க சும்மா இருக்கறப்போ நானும் சும்மா இருக்கணும். அதே நேரத்துல." அந்த மாவட்டத்து அலைவரிசையை இணையத்தில் விடுகிறவர் யாரும் இல்லை. கட்டுப்பாட்டு அறையின் பதிவு மனைவிக்கு மட்டும் கொடுக்கப்படும். ஆக ஆன்டெனாதான்.

அன்றே ஸ்கேனரைச் சமையலறை மேசையில் வைத்து, அதனோடு வந்த நீட்டுக் கம்பியை இழுத்துவிட்டார். ஹாடிக்ஸ் மாவட்டத்தின் அலைவரிசையில் வெறும் இரைச்சல். சிக்னலின் அளவைக் காட்டும் கோடுகளில் ஒன்றுகூட எழவில்லை.

மறுநாள் டோர்சி பைல்ஸின் கடைக்குப் போனோம். தீவனக் கடையின் பின்னறையில் ரேடியோ பழுது பார்க்கிறவர் டோர்சி. இரண்டு மாவட்டத்துத் தீயணைப்பு ரேடியோக்களும் அவர் மேசைக்குத்தான் வரும். ஓர்வலோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"உசுரோடதான் இருக்கியாடா? பூ அனுப்ப மறந்துட்டமேன்னு எட்டு வருஷமா வருத்தப்பட்டுட்டிருந்தேன்" என்றார். பிறகு ஓர்வலின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கடா. வாய் முந்திடுச்சு."

மேசையில் ஒரு கைரேடியோ கிடந்தது. அதன் முதுகில் வெள்ளை டேப்பில் 41 என்று எழுதியிருந்தது. பேட்டரி மாற்ற டென்வர் கொடுத்தது. வியாழக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். ஓர்வல் அதைப் பார்த்தார். தொடவில்லை.

"எங்கேருந்து கேக்கப் போற?" என்றார் டோர்சி.

"பக்ஐ ஓடை."

"அந்தக் கெணத்துக்குள்ளயா? கடவுள் கூப்பிட்டாலே அங்க கேக்காது."

"பன்னெண்டு அஞ்சுக்கு ட்விலா கூப்பிடுவா. அது கேட்டாப் போதும்." ட்விலா கட்டுப்பாட்டு அறையில் பேசுகிறவள்.

டோர்சி எழுந்து தட்டுகளைத் துழாவ ஆரம்பித்தார். திசை பார்த்துக் கட்டுகிற எட்டுக் கொம்பு ஆன்டெனா ஒன்று, முந்நூறு அடி கேபிள், தீப்பெட்டி அளவில் ஓர் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் என் காரில் ஏறின. கணக்கு எதுவும் எழுதவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சரிவின் உச்சியில் ஓர் ஓக் மரம் நின்றது. ஓர்வல் கம்பெனிக் காலத்தில் கம்பம் ஏற வைத்திருந்த இரும்பு முட்களைப் பூட்ஸில் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. முப்பதடி உயரத்தில் ஆன்டெனாவைக் கட்டி, முகடுகளுக்கு நடுவே தெரியும் இடுக்கைப் பார்த்துத் திருப்பினார். கீழே இறங்கி வீட்டுக்குள் வந்தார். ஸ்கேனரில் ஒரு கோடு எழுந்தது. இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல் இருப்பது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை.

"பாதி சிக்னல் கேபிள்லயே செத்துப்போகுது" என்றார். முந்நூறு அடி கேபிள் அப்படித்தான் தின்னும். அதனால் ஆம்ப்ளிஃபையரை மேலே, ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்க வேண்டும். தின்னப்படுவதற்கு முன்னால் பெருக்கிவிட வேண்டும். அதற்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டிலிருந்து அதே கேபிள் வழியாக ஒரு சின்னப் பெட்டி மேலே அனுப்பும். புதன்கிழமை மறுபடி ஏறினார்.

ஸ்விட்சைப் போட்டதும் ஐந்து கோடுகளும் எழுந்தன. ஆனால் பேசியது ட்விலா அல்ல. ஓக் மரத்துக்கு அரை மைல் மேலே, முகட்டில், உள்ளூர் வானொலி நிலையத்தின் கோபுரம் இருந்தது. பகல் முழுக்க ஐயாயிரம் வாட்டில் கத்தும். ஓர்வலின் ஸ்கேனர் நிரம்பப் பண்ணை விலை நிலவரம்.

வானொலி நிலையத்தைத் தடுக்கிற ஃபில்டர் ஒன்றை டோர்சியிடமிருந்து வாங்கி, சமையலறையில் ஸ்கேனரின் முதுகில் சொருகினார். ஒன்றும் மாறவில்லை. போனில் டோர்சி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

"எங்கடா வெச்ச ஃபில்டர?"

"ஸ்கேனர் பக்கத்துல."

"கல்லோட சேத்து அரைச்சிட்டு அப்புறம் மாவச் சலிக்கிறியா? முப்பது வருஷம் கம்பத்துல தொங்கினது எதுக்கு, காத்து வாங்கவா? மேல வை. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால. அதுக்குக் காது மட்டும்தான் உண்டு, மூளை கிடையாது. எவன் சத்தமாக் கத்தறானோ அவனத்தான் பெருக்கும். மத்தவன் அதுல மூழ்கிடுவான். மூழ்கினவன அப்புறம் எவனாலயும் எடுக்க முடியாது."

வியாழக்கிழமை மூன்றாம் முறை ஏறினார். ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே சொருகி, மழைக்கு டேப் சுற்றி இறங்கினார். பத்து ஐம்பதுக்கு மூன்று கோடுகள் எழுந்தன. மெல்லிய இரைச்சலுக்கு மேலே, பக்கத்து அறையில் நிற்பவள் மாதிரி, ட்விலா பேசினாள்: படியில் விழுந்த ஒரு கிழவியைத் தூக்கிவிட ஆள் கேட்டாள். டங்கர் படையிலிருந்து ஒருவன் பதில் சொன்னான்.

ஓர்வல் சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எட்டு வருடம் கழித்துக் கேட்கிறார். அன்று மாலைவரை நாற்காலியை விட்டு எழவில்லை. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை வண்டி வருகிறது, எங்கே நிறுத்துவது என்று அடக்கத்துக்கான பேச்சு அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. "அறுபது வண்டி வருதாம்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கொடுத்த முதல் செய்தி அது. நான் அதை எழுதவில்லை.

டோர்சி அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே எதையும் தொடாத. கைய ஜோப்புல போட்டுட்டு உக்காரு."

ஸ்கேனர் கேட்கிற இந்தக் கூட்டத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர்களால் செய்ய முடியாத ஒரே காரியம் அதுதான். மூன்று கோடு கேட்கிறவனுக்கு நாலாவது கோடு வேண்டும். வெள்ளிக்கிழமை மழை பெய்தது. மே மாதத்துப் புது இலைகள் நனைந்தால் சிக்னலைக் குடிக்கும். மூன்று கோடு இரண்டாகியது. சனிக்கிழமையும் மழை என்று சொல்லியிருந்தார்கள். ஓர்வல் கொட்டகையிலிருந்து பழைய டிவி பூஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்தார். இரண்டாவது ஆம்ப்ளிஃபையர். இதற்கு மரம் ஏற வேண்டாம், ஸ்கேனர் பக்கத்திலேயே மாட்டிவிடலாம். பொழுது சாய்ந்ததும் மாட்டிப் பார்த்தார். இரண்டு கோடு நான்காகியது. குரல் தெளிவு. திருப்தியாகக் கழற்றி, மழை வந்தால் மாட்டிக்கொள்ளலாம் என்று மேசையில் தயாராக வைத்துக்கொண்டார்.

அவர் சோதித்தது பொழுது சாய்ந்த பிறகு. சின்ன வானொலி நிலையங்கள் அந்த நேரத்தில் சட்டப்படி சக்தியைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடும். ஸ்கேனர் வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். ஓர்வலுக்கு நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை நான் கல்லறையில் இருந்தேன். செய்திக்காகக் கூட்டத்தை எண்ணிப் பழகியவள், அன்று ஆட்களை எண்ணவில்லை. அறுபத்து மூன்று வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. பதினொன்று ஐம்பதுக்குத் தூற ஆரம்பித்து, பன்னிரண்டுக்கு வலுத்தது. யாரும் குடை விரிக்கவில்லை. லியானா கறுப்புக் கோட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு ஐந்துக்கு வண்டியின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஹாடிக்ஸ் கட்டுப்பாட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்கு."

தலைக்கவசங்கள் மேல் மழை விழும் சத்தம்.

"கட்டுப்பாட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்கு."

லியானா ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்தாள். மூன்று முகடுகளைத் தாண்டிப் பக்ஐ ஓடை இருக்கும் பக்கம் அது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"கட்டுப்பாட்டிலிருந்து, படைத்தலைவர் டென்வர் ஸ்டெம்பிளுக்கு." பத்து விநாடி கழித்து ட்விலா தொடர்ந்தாள். "நாற்பத்தொன்றிடமிருந்து பதில் இல்லை. நாற்பத்தொன்று பணி முடித்தார். இருபத்தாறு வருடம். இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நேரம் பன்னிரண்டு ஏழு."

பக்கத்தில் நின்ற டோர்சி என் கையை இடித்து, "கிழவன் கேட்டிருப்பான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு பக்ஐ ஓடைக்குப் போனேன். ஸ்கேனர் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கோடு. வெயில் அடித்தது.

"கேட்டீங்களா?" என்றேன்.

"ஒரு ஃப்ரீசர் விக்கறாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பெட்டி ஃப்ரீசர். நல்லா ஓடுதாம், மூடி மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்காம். வந்து தூக்கிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம்."

சனிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு அந்த வானொலி நிலையத்தில் வாங்க–விற்க நிகழ்ச்சி. மழை வலுத்ததும் ட்விலாவின் குரல் ஒரு கோட்டில் ஊசலாடியிருக்கிறது. "எல்லா நிலையங்களும் அமைதி காக்கவும்" என்று அவள் சொன்னதில் பாதி வார்த்தை உடைந்திருக்கிறது. அப்போது மணி பன்னிரண்டு நான்கு. ஓர்வல் பூஸ்டரை எடுத்து மாட்டினார். ஐந்து கோடும் எழுந்தன. ஃபில்டர் சரிவின் உச்சியில், மரத்தில் இருந்தது. அதற்குக் கீழே முந்நூறு அடி கேபிள், கோபுரத்தின் காலடியில் வழிந்து வருகிறது. கேபிளே ஆன்டெனாவாகி வழியில் பிடித்ததையெல்லாம் பூஸ்டர் பெருக்கியது. பகல் நேரம், ஐயாயிரம் வாட்.

"தப்பு என்னன்னு உடனே தெரிஞ்சுடுச்சு, நோரீன். ஒரு நொடியில தெரிஞ்சுடுச்சு. கழட்டணும்னா மேல கரண்டு அனுப்பற பெட்டியையும் சேத்துக் கழட்டித் திரும்ப மாட்டணும். ரெண்டு திருகாணிதான். அவசரப்பட்டேன். கேபிள் நடுக்கம்பி வளைஞ்சுபோச்சு. பல்லால நிமுத்தினேன். வானொலியில பேசற பொம்பள கோழி விக்க ஆரம்பிச்சுட்டா. முட்டை போடற கோழி, பத்து."

"அப்புறம்?"

"மாட்டிட்டேன். 'பன்னெண்டு ஏழு'ன்னா ட்விலா. அது மட்டும் கேட்டுச்சு. தெளிவாக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் எங்கேயோ சிம்னி பத்திக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க."

ஒரு ரோலை எடுத்துப் பாதியாகப் பிய்த்தார். தின்னவில்லை.

"அந்த ஒரு கோட்டுலயே விட்டிருந்தா பாதியாவது கேட்டிருக்கும். அவன் நம்பர் ஒரு தடவையாவது காதுல விழுந்திருக்கும்."

கை தானாகப் போயிருக்கிறது, இரண்டாம் முறையும். அதை அவரிடம் சொல்லத் தேவையில்லை. அவரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து லியானாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறை அவளுக்குப் பதிவை ஒரு வட்டில் போட்டுக் கொடுத்திருந்தது. ஓர்வலுக்குப் பிரதி ஒன்று எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"நான் ரேடியோவுல கேக்கட்டும்னு சொன்னத நெசமாவே எடுத்துக்கிட்டாரா?"

"மரத்துல மூணு தடவ ஏறினாரு."

"எழுபத்தஞ்சு வயசுல." மேசை விளிம்பில் இருந்த ரொட்டித் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தாள். "ட்விலா மூணாந்தடவ டென்வர் பேரச் சொன்னா. நம்பரச் சொல்லல. அத நான் ஒருத்தி வாயிலேருந்து கேட்டேன், நேர்ல, அவர் பக்கத்துல நின்னு. தம்பி செத்தப்போ எனக்கு அப்படிக் கெடைக்கல. குடுக்க முடியாது, நோரீன். குடுக்கணும்னு தோணல. தோணினா சொல்றேன்."

சொல்லவில்லை.

ஓர்வல் பூஸ்டரைக் கொட்டகையில் வைத்துவிட்டார். மரத்தில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. டங்கர் படையினர் முப்பது நாள் துக்கத்துக்காக நெஞ்சு பேட்ஜில் கறுப்புத் துணி சுற்றியிருந்தார்கள். அதுவரை தலைவருக்கு உரிய நாற்பத்தொன்று என்ற எண் யாருக்கும் கிடையாது. டோர்சியின் மேசையில் கிடந்த கைரேடியோ புதுப் பேட்டரியோடு படைக்குத் திரும்பிப் போனது.

ஜூன் 10, திங்கட்கிழமை, வானம் வெளுத்திருந்தது. காலை எட்டு மணிக்கு ட்விலா நாற்பத்தொன்றைக் கூப்பிட்டாள். பக்ஐ ஓடையில், ஓர்வலின் ஸ்கேனரில் மூன்று கோடு. புதுத் தலைவர் கெர்மிட் ஹேலர் முதல் அழைப்பிலேயே பதில் சொன்னார்.